மிச்ச ஸ்ப்ரூவைப் பயன்படுத்துவது எப்படி: தரம் பிரிப்பதில் தொடங்கி நாட்டு ஓடு வரை

டாங்கி, விமானம், வீடு என்று சின்ன மாதிரிகளை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்டில் பாகங்களைக் கிள்ளி எடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தைத்தான் ஸ்ப்ரூ என்கிறோம். சிலர் ரன்னர் என்பார்கள். பாகங்கள் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக்தான் இதுவும். அதனால் கம்பி, ஆணித் தலை, ஓடு, இடுக்கு அடைக்கும் பட்டி என்று பலவற்றையும் இதிலிருந்தே செய்துகொள்ளலாம்.

காரைக்குடியில் என்னோடு உட்கார்ந்து கிட் கட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கை எல்லோருக்கும் நன்றாகத்தான் வருகிறது, வேலையின் வரிசையில்தான் சறுக்குகிறார்கள். தரம் பிரிக்காமல் உருக்குவது, அளக்காமல் ஒட்டுவது, எல்லாவற்றிலும் மோசமாக, சிமெண்ட் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டே மெழுகுவத்தியை ஏற்றுவது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

உதாரணத்துக்கு 1/35 அளவில், அதாவது அசலில் 35-இல் ஒரு பங்காக, ஒரு செட்டிநாட்டு வீட்டு முகப்பை எடுத்துக்கொள்கிறேன்: திண்ணை, கம்பி ஜன்னல், நாட்டு ஓட்டுத் தாழ்வாரம். டாங்கியோ விமானமோ கட்டுகிறவர்களுக்கும் இதே முறைதான். ஜன்னல் கம்பி என்று வரும் இடத்தில் அவர்கள் ஆன்டெனா என்று படித்துக்கொள்ளலாம்.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

நிப்பர், கூர்மையான கட்டர், 180, 400, 800 எண் உப்புத்தாள், ஸ்கேல், டபுள் சைடு டேப், குட்டை மெழுகுவத்தி, ஊதுவத்தி, பிளாஸ்டிக் சிமெண்ட், மூடி இறுக்கமான ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். சிமெண்ட் என்றால் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும், தண்ணீர் போன்ற மெல்லிய வகை. டமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் போன்றது.

ஃபெவிக்விக் வகைப் பசை இதற்கு மாற்று ஆகாது. அது பிளாஸ்டிக்கைக் கரைக்காமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். சிமெண்ட் போட்டால் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே துண்டாகிவிடும்.

வேலைப் பலகைக்கு ஓரம் உடைந்த ஒரு ஆத்தங்குடித் தரைக்கல் போதும். நம் ஊரில் வீடு இடிக்கும் இடத்திலும் பழுது பார்க்கும் இடத்திலும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுக்கும் கல் என்பதால் மேல்முகம் நல்ல மட்டமாக இருக்கும். உப்புத்தாளை அதில் ஒட்டித் தேய்த்தால் துண்டு கோணாது. சூடான பிளாஸ்டிக் விழுந்தாலும் கருகாது. மேஜை மேல் நேராக மெழுகுவத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பக்கத்தில் ஒரு எனாமல் தட்டில் தண்ணீர் இருக்கட்டும். தீப்பிடித்த துண்டைப் போட அதுதான் இடம். வாயால் ஊதி அணைக்கப் பார்த்தால் உருகிய சொட்டு தெறிக்கும்.

## 2. தரம் பிரித்தல்

எல்லா ஸ்ப்ரூவும் ஒன்றல்ல. சட்டத்தின் ஓரத்தில் எண் போட்ட தட்டையான காது இருக்கும். அதில் பி.எஸ்., ஏ.பி.எஸ்., பி.இ. என்று ஆங்கிலத்தில் அச்சு இருக்கிறதா பாருங்கள். பாண்டாய் ரோபோ கிட்டுகளில் இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் வரலாம்.

பி.எஸ். என்றால் பாலிஸ்டைரீன். நமக்கு வேண்டியது இதுதான். ஏ.பி.எஸ். பெரும்பாலும் மூட்டுகளிலும் உள் சட்டத்திலும் வரும், எல்லாச் சிமெண்ட்டிலும் ஒழுங்காக ஒட்டாது. பி.இ. என்பது பாலிஎதிலீன், மூட்டுக்குள் போகும் மெத்தென்ற மூடிகளின் சட்டம். எந்தச் சிமெண்ட்டும் அதில் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. அதை அப்போதே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

அச்சு இல்லையென்றால் ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎதிலீன் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். ஏ.பி.எஸ்ஸும் மூழ்கும் என்பதால் அதைப் பிரிக்க இன்னொரு சோதனை: ஒரு துளி சிமெண்ட் வைத்துச் சில நொடி கழித்து நகத்தால் அழுத்துங்கள். பாலிஸ்டைரீன் என்றால் நகத்தில் பிசுபிசுவென்று ஒட்டி, ரேகை பதியும். ஆனால் அசிட்டோன் உள்ள சிமெண்ட்டில் ஏ.பி.எஸ்ஸும் இளகும், அதனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கண்ணாடிபோல் இருக்கும் ஸ்ப்ரூவைத் தனியாக வையுங்கள். சாதாரண கிட் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் ரப்பர் கலந்திருக்கும், அதனால்தான் அது வளைந்து கொடுக்கிறது. தெளிவான வகையில் அது கிடையாது, பட்டென்று முறியும். சூடு காட்டி இழையாக இழுக்கவும் வரும், ஆனால் பழகாத கைக்கு அல்ல. பளபளவென்று குரோம் முலாம் பூசியதும் வேண்டாம். முலாம் இருக்கும் இடத்தில் சிமெண்ட் பிடிக்காது.

## 3. கழுவி, வெட்டி வைத்தல்

அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை ஸ்ப்ரூவிலும் தங்கியிருக்கலாம். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் நீளமான துண்டுகள் வளைந்துவிடும். சித்திரை, வைகாசியில் சொல்லவே வேண்டாம்.

உலர்ந்த பிறகு மூன்றாகப் பிரியுங்கள். வளைவும், பாகம் ஒட்டியிருந்த முளையும் இல்லாத நேர்த் துண்டுகளை 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள், இழுக்கவும் ஓட்டுக்கும் இவைதான். எண் போட்ட தட்டைக் காதுகள் ஜன்னல் சட்டத்துக்கும் பெயிண்ட் பார்க்கவும் ஆகும். மற்ற வளைந்த பொடிசுகள் எல்லாம் 7-ஆம் படியில் வரும் கரைக்கும் பாட்டிலுக்கு.

நிறவாரியாகவும் பிரித்து வையுங்கள். எந்தக் கிட்டின் சட்டம் என்று ஒரு துண்டுச் சீட்டும் போட்டால் நல்லது, காரணம் 7-ஆம் படியில் வரும். நான் வீட்டில் சும்மா கிடந்த ஓலைக் கொட்டான்களில் போட்டு வைக்கிறேன். ஒரு கொட்டான் நிறைந்தால் பழையதைத் தூக்கிப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைப்பதே ஒரு வேலையாகிவிட்டால் கிட் கட்ட நேரம் இருக்காது.

## 4. சூடு காட்டி இழுத்தல்

மொத்த வேலையில் கைப்பழக்கம் அதிகம் கேட்பது இதுதான்.

முதலில் சிமெண்ட், தின்னர், கரைசல் பாட்டில் எல்லாவற்றையும் மூடி அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். சிமெண்ட்டில் உள்ள அசிட்டோன் போன்றவற்றின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். நெருப்பு வேலையை ஒரே உட்காரலில் முடித்து, மெழுகுவத்தியை அணைத்து எடுத்து வைத்த பிறகுதான் பசை வேலை. சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது கஷ்டம்தான், ஆனால் சுடர் ஆடினால் ஒரு பக்கம் மட்டும் வேகும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

துண்டின் இரண்டு முனையையும் பிடித்து, நடுப்பகுதி சுடரின் நுனிக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு காட்டுங்கள். சுடருக்குள் விடக் கூடாது. உள்ளே போனால் கரி பிடிக்கும், குமிழி வரும், பிறகு எரியும். எரிந்தால் வரும் கரும்புகையை மூச்சில் இழுக்காதீர்கள்.

விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருங்கள். உருட்டாவிட்டால் கீழ்ப்பக்கம் குழைந்து மேல்பக்கம் கெட்டியாக நிற்கும், இழை ஒரு பக்கமாகத் தட்டையாகிவிடும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மினுமினுக்கும். அடுத்து உங்கள் கையை மீறித் தொய்யத் தொடங்கும். அதுதான் பக்குவம்.

இப்போது நெருப்பை விட்டு விலக்குங்கள். ஒரு நொடி பொறுங்கள். பிறகு இழுங்கள்.

“அண்ணே, மறுபடியும் அறுந்துபோச்சு” என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சுடருக்கு மேலேயே வைத்து இழுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். சுடரின் மேல் இழுத்தால் எந்த இடம் மெலிகிறதோ அதுவே இன்னும் வேகமாகச் சூடேறி இன்னும் மெலியும், கடைசியில் அறும். வெளியே இழுத்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். மெலிந்த இடம் முதலில் ஆறி விறைத்துக்கொள்ளும், அதனால் இழுவை பக்கத்துத் தடித்த இடத்துக்குத் தாவும். இழை தன்னைத்தானே சமப்படுத்திக்கொண்டே நீளும்.

வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிப்பு. எவ்வளவு நீளத்தைக் குழைய விடுகிறோம் என்பதும் முக்கியம். 3 மி.மீ. ஸ்ப்ரூ அரை மி.மீ. ஆக வேண்டுமென்றால் அதன் நீளம் 36 மடங்கு ஆகும். அதாவது 1 செ.மீ. குழைந்தால் 36 செ.மீ. இழை. 0.3 மி.மீ. வேண்டுமென்றால் 100 மடங்கு, அந்த 1 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டர். புதிதாகச் செய்பவர்கள் 3, 4 செ.மீ. அகலத்துக்குக் குழைய விட்டுவிடுகிறார்கள். கை எட்டும் தூரம் முடிந்த பிறகும் இழை தடியாகவே இருப்பது அதனால்தான். மெல்லிய இழைக்கு அரை செ.மீ. குழைந்தால் தாராளம்.

இழுத்து முடித்ததும் விறைப்பாகப் பிடித்தபடி பத்து எண்ணுங்கள். உடனே கையைத் தளர்த்தினால் இழை சுருளும் அல்லது நடுவில் தொங்கி வளைந்த நிலையிலேயே ஆறிவிடும். இரண்டு முனையிலும் உள்ள தடித்த கட்டைகளைத் தொடாதீர்கள், இழை ஆறிய பிறகும் அவை சுடும்.

நிறத்துக்கு நிறம், கிட்டுக்குக் கிட் பக்குவம் மாறும். ஒவ்வொரு புதிய சட்டத்திலும் முதல் துண்டைச் சோதனைக்கென்றே செலவழியுங்கள்.

## 5. அளந்து எடுத்து வைத்தல்

எந்தத் தடிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எனவே நிறைய இழுத்து, பிறகு அளந்து பிரிப்பதுதான் வழி.

தடிப்பு அளக்கும் டிஜிட்டல் வெர்னியர் இருந்தால் சரி. இல்லையென்றால் இழையை ஒரு பென்சிலில் இடைவெளி இல்லாமல் பத்துச் சுற்று சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து பத்தால் வகுங்கள். 5 மி.மீ. வந்தால் இழை அரை மி.மீ. பென்சிலில் சுற்ற மெல்லிய இழைதான் வளையும். தடித்ததை பத்துத் துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கி அளக்கலாம்.

அசல் அளவை 35-ஆல் வகுத்தால் நமக்கு வேண்டிய தடிப்பு வரும். 2 செ.மீ. தடிமன் உள்ள ஜன்னல் கம்பிக்கு 0.57 மி.மீ. தேவை, 0.5 முதல் 0.6 வரை எதுவும் ஆகும். அளந்தவற்றை உறிஞ்சுகுழலுக்குள் போட்டு அளவை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு வார்த்தை: 1/35-ல் முகப்புத் தூணை ஸ்ப்ரூவில் செய்யப் பார்க்காதீர்கள். 30 செ.மீ. குறுக்களவுள்ள தேக்குத் தூண் அந்த அளவில் எட்டரை மி.மீ. வரும், அத்தனை தடித்த ஸ்ப்ரூ கிடைக்காது. 1/72-ல் கட்டுகிறவர்களுக்கு அதே தூண் ஏறத்தாழ 4.2 மி.மீ.யில் முடிந்துவிடும். அவர்களுக்குத் தடித்த ஸ்ப்ரூவை அப்படியே வெட்டி வைத்தால் போதும்.

## 6. கம்பி ஜன்னல்

ஜன்னலை நேராகச் சுவரில் கட்டாதீர்கள். கிராஃப் தாளில் அளவு வரைந்து கல்லின் மேல் ஒட்டி, ஜன்னலின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் வெளியே டபுள் சைடு டேப் பட்டை ஒன்று ஒட்டுங்கள். நெட்டுக் கம்பிகளை இரண்டு டேப்பிலும் பிடிக்குமாறு வரிசையாக வையுங்கள். நீளம் கூடுதலாகவே இருக்கட்டும். அதன் மேல் குறுக்குக் கம்பிகள்.

சந்திக்கும் இடங்களில் மட்டும் ஊசி முனையால் சிமெண்ட் தொட்டு வையுங்கள். பாட்டில் மூடியில் இருக்கும் பிரஷ்ஷை அப்படியே வைத்தால் அரை மி.மீ. இழை கண்ணெதிரே குழைந்து கூழாகும். காய்ந்த பிறகு, கடைசியாகத்தான் ஓரங்களை வெட்ட வேண்டும். முன்பே வெட்டி வைத்தால் எல்லாக் கம்பியும் ஒரே நீளத்தில் வராது, ஒட்டும்போது நகரவும் செய்யும்.

சட்டத்தில் வைத்த பிறகு ஏதாவது ஒரு கம்பி தொய்வாகத் தெரிந்தால் பிய்க்க வேண்டாம். சிமெண்ட் வாசனை முழுக்கப் போகட்டும், மறுநாள் பார்க்கலாம். ஊதுவத்தியைப் பற்றவைத்து, அதன் கங்கைத் தொய்ந்த கம்பிக்குப் பக்கத்தில், தொடாமல், சட்டென்று ஒரு முறை ஓட்டுங்கள். கம்பி தானாக விறைத்து நேராகும். இழுக்கும்போது நீட்டப்பட்டு அப்படியே உறைந்துபோன பிளாஸ்டிக், மறுபடி சூடு பட்டதும் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கிறது. அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். கங்கு தொட்டால் கம்பி இரண்டாகிவிடும்.

இதே கங்கை இழையின் முனைக்கு நேராகக் காட்டினால் முனை உருண்டு காளான் தலை ஆகும். கழுத்தோடு வெட்டி, கதவில் துளை போட்டுச் செருகினால் பித்தளைக் குமிழ் தயார். தெளிவான ஸ்ப்ரூவில் செய்தால் சின்ன விளக்குக் கண்ணாடி.

## 7. ஸ்ப்ரூக் கரைசல்

இடுக்கு அடைக்கவும் சாந்துபோல் பூசவும் இதுதான் வேண்டும். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி அளவுப் பொடித்துண்டுகள், அவை மூழ்கிக் கொஞ்சம் மேலே நிற்கும் அளவு சிமெண்ட். இறுக்கி மூடி ஒரு இரவு விடுங்கள். காலையில் குச்சியால் கலக்கினால் ஒற்றைக் கம்பிப் பாகு பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சிமெண்ட், நீர்த்திருந்தால் இன்னும் துண்டுகள்.

காசு மிச்சம் என்று வெறும் அசிட்டோனில் கரைத்தால் சவ்வு மிட்டாய்போல் இழுபடும், சீராகப் பூச வராது. நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனைப் பொருளும் சேர்ந்திருக்கும். பெயிண்ட் கடைத் தின்னரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் திறக்க வேண்டாம். தெர்மாகோல் கப்பில் மட்டும் கலக்கிவிடாதீர்கள். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், கப்பே கரைந்து கல்லில் ஓடும்.

ஒரு பாட்டிலில் ஒரே கிட்டின் ஸ்ப்ரூ மட்டும் போடுங்கள். இடுக்கை அடைத்துத் தேய்த்த பிறகு நிறமும் கடினமும் பாகத்தோடு ஒன்றிப்போக வேண்டும். கலப்படமானால் உப்புத்தாள் ஒரு இடத்தில் அதிகமாகவும் இன்னொரு இடத்தில் குறைவாகவும் அரித்து, மேடு பள்ளம் வரும். கொட்டானில் சீட்டுப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

பூசும்போது மட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தியே வையுங்கள். உள்ளே உள்ள திரவம் ஆவியாகப் போகப் போக அது சுருங்கி உள்வாங்கும். மெல்லிய கோட்டுக்கு ஒரு நாள் போதும். ஆழமான குழி என்றால் மெல்லிய படலங்களாக, படலத்துக்கு ஒரு நாளாவது விட்டுப் போட வேண்டும். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த நிலையில் தேய்த்து மட்டமாக்கினால் அடுத்த வாரம் அதே இடத்தில் பள்ளம் தெரியும்.

பெரிய ஓட்டைக்குக் கரைசலே வேண்டாம். ஓட்டை அளவுக்கு ஒரு ஸ்ப்ரூத் துண்டை இழைத்துச் செருகி, சிமெண்ட் விட்டு, மறுநாள் வெட்டித் தேய்த்துவிடுங்கள், வேலை சுத்தமாக இருக்கும். மெல்லிய பாகங்களிலும் கரைசலை அள்ளி வைக்காதீர்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துப் பாகத்தையே கோணலாக்கும்.

## 8. நாட்டு ஓட்டுத் தாழ்வாரம்

சுமார் 10 செ.மீ. அகலமுள்ள அரைவட்ட ஓடு 1/35-ல் 2.9 மி.மீ. சாதாரண ஸ்ப்ரூவின் தடிப்பு ஏறத்தாழ அதேதான். இழுக்கவும் வேண்டாம், செதுக்கவும் வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. சரிவு உள்ள கூரைக்கு ஏறக்குறைய 70 வரிசை, அதாவது 7 மீட்டர் நேர் ஸ்ப்ரூ. கையில் அவ்வளவு இல்லையென்றால் திண்ணைக்கு மேல் உள்ள சின்னத் தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முளைகளைச் சீவிய துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் நெருக்கமாக அடுக்கி, இடையிடையே சிமெண்ட் ஓடவிடுங்கள். எல்லாவற்றையும் பாதியாகப் பிளந்து அரைவட்டமாக்கப் புறப்படுகிறவர்கள் உண்டு. பாதிக் கூரையில் வெறுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள். கீழ்ப் பாதி எப்படியும் தெரியாது. வெளியே நீட்டும் இறவாண முனையை மட்டும் அடியிலிருந்து 180 தாளில் தேய்த்து மெலிதாக்கினால் போதும்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஓடு ஓடாகப் பிரிக்க வேண்டும். கட்டர் பிளேடை மேல்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, 2 மி.மீ.க்கு ஒன்றாகக் கீறல் போடுங்கள். சாய்த்துக் கீறினால் ஒவ்வொரு ஓட்டின் கீழ் விளிம்பும் அடுத்ததன் மேல் ஏறி நிற்பதுபோல் தெரியும், நேராகக் கீறினால் கரும்புக் கணுப்போல் இருக்கும். அடுத்தடுத்த வரிசையில் கீறல்கள் ஒரே கோட்டில் வராமல் கொஞ்சம் முன்பின் தள்ளிப் போடுங்கள். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தெருவில் நின்று எந்தப் பழைய கூரையை அண்ணாந்து பார்த்தாலும் ஓடு அளவெடுத்ததுபோல் வரிசையாக இருக்காது.

முகட்டுச் சாந்துக்கு 7-ஆம் படிக் கரைசலைக் கொஞ்சம் கெட்டியாக எடுத்து, மயிர் கொட்டிய பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி வையுங்கள். தேய்த்து மழமழப்பாக்க வேண்டாம்.

## 9. பெயிண்ட்டுக்கு முன்

பல கிட்டின் ஸ்ப்ரூ சேர்ந்திருப்பதால் கூரை பச்சை, சாம்பல், மண்நிறம் என்று கலவையாக இருக்கும். செங்காவி நிறத்தை நேராக அடித்தால் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒவ்வொரு மாதிரித் தெரியும். முதலில் சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, மெல்லியதாக ஒரே முறை.

பிரைமர் காய்ந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். கரைசல் உள்வாங்கிய இடமும் சீவாமல் விட்ட முளையும் அப்போதுதான் கண்ணில் படும். பள்ளத்துக்கு இன்னொரு படலம், ஒரு நாள் காத்திருப்பு, 400, பிறகு 800 தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர். செங்காவியை முதலில் மிச்சமிருக்கும் எண் காது ஒன்றில் அடித்துக் காய விட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்த பின் இருக்காது.